பூண்டு அறைத் தாழ்ப்பாள்

முருகேஸ்வரிக்கு முதலில் டாக்டர் மேல்தான் கோபம் வந்தது. அடிக்கிற புருஷன் மேல் வரவேண்டிய கோபம் கல்யாணமான சில வருஷங்களிலேயே தேய்ந்து மழுங்கிவிட்டது. டாக்டர் மேல் வந்தது புதுக் கோபம். அதனால் நன்றாகவே கொதித்தது.

அன்றைக்குக் கரு வைக்கிற நாள். கொடைக்கானலுக்கு மேற்கே பஸ் திரும்புகிற கடைசி ஊரிலிருந்து அவளும் புருஷன் திருமலைச்சாமியும் மாமியார் சின்னத்தாயியும் வெள்ளனே கிளம்பி, இரண்டு பஸ் மாறி, பழனியில் இருக்கும் கருத்தரிப்பு ஆஸ்பத்திரிக்கு இறங்கி வந்திருந்தார்கள். அவள் முட்டையையும் அவன் விந்தணுவையும் சேர்த்து உண்டாக்கிய மூன்று கருக்கள் அங்கே உறைய வைக்கும் தொட்டிக்குள் இருந்தன. அவனுக்கு அணு குறைவு. ஊசியால் உறிஞ்சித்தான் எடுக்க வேண்டியிருந்தது. அது ஊருக்குத் தெரியாது. ஊருக்குத் தெரிந்ததெல்லாம் முருகேஸ்வரி மலடி என்பது ஒன்றுதான். அதை ஊருக்குச் சொன்னவனும் அவன்தான்.

முட்டை எடுக்கிற வரைக்கும் திருமலைச்சாமி கையை அடக்கி வைத்திருந்தான். விதைப்பூண்டைப் பார்த்துக்கொள்வதுபோல அவளைப் பார்த்துக்கொண்டான், பால் வாங்கிக் கொடுத்தான், முட்டை அவித்துக் கொடுக்கச் சொன்னான். கருக்கள் பத்திரமாகத் தொட்டிக்குள் போனதும் கை பழைய வேலைக்குத் திரும்பிவிட்டது. கரு வைப்பதற்காக அவளுக்கு உடை மாற்றிவிட்ட நர்ஸ் சுபஸ்ரீ முதுகைப் பார்த்துவிட்டு வெளியே போய் டாக்டர் ஜெயப்பிரியாவைக் கூட்டிவந்தாள். டாக்டர் விலா எலும்பைத் தொட்டபோது முருகேஸ்வரிக்கு மூச்சு நின்றுவிட்டது.

விழுந்துவிட்டேன் என்றாள். பெல்ட் மேலேயா விழுந்தீர்கள் என்று டாக்டர் கேட்டார். அதற்கு மேல் மறைக்க அவளுக்குத் தெம்பில்லை. பெல்ட்டைச் சொன்னாள், விறகுக்கட்டையைச் சொன்னாள், பூண்டுக்குப் புகை போடுகிற அறையில் தள்ளித் தாழ்ப்பாள் போடுவதையும் சொன்னாள். டாக்டர் கையுறையைக் கழற்றினார்.

"நான் இன்னைக்கு வைக்க மாட்டேன்மா. அடிக்கிற கைக்கு நடுவுல ஒரு பிள்ளையைக் கொண்டுபோய் வைக்க எனக்கு மனசு வரல."

"அடி வாங்குனது நானு. பிள்ளை இல்லைங்கிற தண்டனையும் எனக்குத்தானா டாக்டரம்மா?"

ஜெயப்பிரியா கெட்டவர் இல்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். தெரிந்த வழியை எல்லாம் சொன்னார். உயிர் போகிற அவசரம் இல்லாத வைத்தியத்தை வேண்டாம் என்று சொல்ல டாக்டருக்கு இடமுண்டு. வேறு ஆஸ்பத்திரிக்கு எழுதித் தருகிறேன். பெண்களுக்கான அதிகாரியிடம் நானே பேசுகிறேன். நீங்கள் அந்த வீட்டை விட்டு வெளியே வாருங்கள், அப்புறம் பார்க்கலாம்.

வெளியே வந்தால் அந்த மூன்றையும் எனக்கு வைப்பீர்களா என்று முருகேஸ்வரி கேட்டாள். அவளுக்கு அது ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது. அவளிடம் முட்டை இருப்பு அநேகமாகத் தீர்ந்துவிட்டது, மறுபடி எடுத்தால் கிடைக்கும் என்று சொல்ல முடியாது என்று இதே டாக்டர்தான் முன்பு சொல்லியிருந்தார். தொட்டிக்குள் இருப்பது போனால் அவளுக்குப் பிள்ளை இல்லை.

"அந்தக் கரு ரெண்டு பேருக்கும் சொந்தம். அவர் சம்மதம் இல்லாம நான் தொட முடியாது. விவாகரத்து ஆயிட்டாலும் முடியாது. ஒண்ணு அவர் சம்மதிக்கணும், இல்ல அவர் உயிரோட இல்லாம இருக்கணும். ஒருத்தர் இறந்தா மத்தவருக்குன்னு ஆரம்பத்துலயே ரெண்டு பேரும் எழுதிக் குடுத்திருக்கீங்க. சட்டம் இவ்வளவுதான், நான் என்ன செய்ய?"

சட்டத்தின் மேல் இருந்த எரிச்சலில் டாக்டர் அதைச் சொன்னார். படித்தவர்கள் சட்டம் சொல்லும்போது அது யார் காதில் விழுகிறது என்று பார்ப்பதில்லை. முருகேஸ்வரி புடவையைக் கட்டிக்கொண்டாள்.

அடுத்து ஜெயப்பிரியா செய்தது, நல்லவர்கள் மட்டுமே செய்யக்கூடிய மடத்தனம். திருமலைச்சாமியை உள்ளே கூப்பிட்டு, உங்கள் மனைவி எல்லாவற்றையும் என்னிடம் சொல்லிவிட்டார், நீங்கள் அடிப்பதை நிறுத்துகிற வரைக்கும் கரு வைக்க மாட்டேன் என்று நேராகவே சொன்னார். வேறு ஆஸ்பத்திரிக்கு எழுதித் தரவா என்றும் கேட்டார். இன்னொரு ஆஸ்பத்திரி என்றால் இன்னொரு டாக்டருக்கு அவன் குறை தெரியவேண்டும். அவன் மேசைமேல் இருந்த கண்ணாடி உருண்டையை எடுத்து டாக்டரின் நெற்றியில் அடித்தான்.

அதன் பிறகு அங்கே எதுவும் முழுசாக இல்லை. டாக்டர் நாற்காலியோடு சாய்ந்தார், வெள்ளைக் கோட்டு சிவந்தது. அவன் ஸ்கேன் பெட்டியைத் தரையில் தள்ளி மிதித்தான். தடுக்க வந்த வாட்ச்மேனின் வாயில் முழங்கையால் இடித்தான். கிழவனின் பல் தரையில் விழுந்தது. சுபஸ்ரீ போனை எடுத்ததும் அதைப் பிடுங்கிச் சுவரில் எறிந்தான். காத்திருந்த பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தெருவுக்கு ஓடினார்கள். முருகேஸ்வரியின் கூந்தலைப் பிடித்துக் கண்ணாடிக் கதவில் மோதினான். கதவு உடைந்தது. அவள் காதுக்குக் கீழே பிளந்தது.

இவ்வளவுக்கும் மாமியார் சின்னத்தாயி ஒரு வார்த்தை சொல்லவில்லை. டாக்டர் விழுந்ததைப் பார்த்தாள், மருமகள் விழுந்ததையும் பார்த்தாள். மகன் இரும்பு ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு தொட்டி இருந்த அறைப் பக்கம் திரும்பியபோதுதான் ஓடிப்போய் அந்தக் கதவில் முதுகைக் கொடுத்து இரண்டு கைகளையும் விரித்து நின்றாள்.

"ஏலே, இங்கிட்டு வராத. உள்ள என் பேரன் கெடக்கு."

அவன் நின்றான். ஒருத்தர் சொல்லி அவன் நின்றதை முருகேஸ்வரி பார்த்தது அதுதான் முதல் தடவை.

ஆஸ்பத்திரியை உடைத்தால் அதற்கென்று தனிச் சட்டம் இருக்கிறது. போலீஸ் வந்தது, உள்ளே போட்டது. டாக்டருக்கு நெற்றியில் தையல். ஜாமீனில் வந்த திருமலைச்சாமி தினமும் கொடைக்கானல் ஸ்டேஷனில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும் என்று உத்தரவு. ஊரில் எல்லாரும் கேரட் மூட்டையோடு ஏறுகிற பஸ்ஸில் அவன் கையெழுத்துக்கு ஏறினான். நல்ல சோலி கிடைத்தது உனக்கு என்று பஸ்ஸில் கேலி பேசியவர்களை அவன் ஒன்றும் செய்யவில்லை. வீட்டுக்கு வந்து அவளைச் செய்தான்.

பெண்களுக்கான அதிகாரி ஒருத்தி ஜீப்பில் மேலே வந்தாள். டாக்டர் சொல்லித்தான் வந்தாள். சின்னத்தாயி காப்பி கொடுத்தாள், திருமலைச்சாமி கை கட்டி நின்றான். அவர்கள் முன்னாலேயே கேட்டால் முருகேஸ்வரி என்ன சொல்வாள்? ஒன்றும் இல்லை என்றாள். அய்யம்பாளையத்தில் இருந்த அண்ணன் முத்துராஜுக்குப் போன் போட்டாள். கொஞ்சம் பொறுத்துப் போ தாயி, ஒரு பிள்ளை வந்துட்டா சரியாயிரும் என்று அவன் சொன்னான். பிள்ளைக்குத்தானே இவ்வளவும் என்று சொல்ல நினைத்து அவள் போனை வைத்துவிட்டாள்.

அந்த ஊரில் வீட்டுக்கு வீடு பூண்டுக்குப் புகை போடுகிற அறை உண்டு. கல் சுவர், சன்னல் கிடையாது. மேலே குறுக்குக் கம்புகளில் விதைப்பூண்டை முடிச்சு முடிச்சாகத் தொங்கவிட்டிருப்பார்கள். சுவரின் அடியில் ஒரு துவாரம்; வெளியிலிருந்தபடியே அதற்குள் ஈர விறகைத் தள்ளி மூட்டம் போடுவார்கள். எரியக் கூடாது, புகைய மட்டும் வேண்டும். கதவு உள்பக்கம் திறக்கும். தாழ்ப்பாள் மட்டும் வெளியே இருக்கும், காற்று தள்ளித் திறந்துவிடாமல் இருக்கவும் பிள்ளைகள் உள்ளே போய்விடாமல் இருக்கவும். புகை ஏறியிருக்கும்போது அதற்குள் மனுஷன் போவதில்லை. கதவைத் திறந்து வைத்து, புகை கலைந்த பிறகுதான் போவார்கள். கரி மூட்டம் போட்டுக் கதவைச் சாத்திப் படுத்தவர்கள் காலையில் எழுந்திருக்கவில்லை என்று மலையில் கேள்விப்படாதவர்கள் கிடையாது.

திருமலைச்சாமி அவளை அதற்குள் போட்டது பல தடவை. கத்துகிற வரைக்கும் விடுவான், கத்தினால் திறப்பான். முதலில் எல்லாம் அவள் உடனே கத்தினாள். அப்புறம் கற்றுக்கொண்டாள். தரையோடு தரையாகக் குப்புறப் படுத்து, கதவின் கீழ் இடுக்கில் மூக்கை வைத்தால் கொஞ்சம் காற்று வரும். முந்தானையை நனைத்து வாயில் கட்டிக்கொண்டால் இன்னும் கொஞ்சம் தாங்கும். அந்த அறையின் ஒவ்வொரு கல்லும் கண்ணை மூடிக்கொண்டே அவளுக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாது. அவன் வெளியே நிற்கிறவன்.

மழைக்காலத்தில் ஒரு மத்தியானம். சின்னத்தாயி பக்கத்து ஊரில் ஒரு சாவுக்குப் போயிருந்தாள். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்த திருமலைச்சாமி குடித்திருந்தான். ஸ்டேஷனில் யாரோ ஒரு போலீஸ்காரர், பிள்ளை பெற ஆஸ்பத்திரிக்குப் போய் கேஸைப் பெற்றுக்கொண்டு வந்தவன் என்று சிரித்தாராம். உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தவளை முடியைப் பிடித்து ஈரத்தில் இழுத்துக்கொண்டு போனான். அவள் நிலைக்கட்டையைப் பிடித்துக்கொண்டாள். அவன் செருப்புக் காலால் விரல்களை மிதித்தான். இரண்டு விரல் ஒடிந்த சத்தம் அவளுக்குக் கேட்டது. மூட்டம் புகைந்துகொண்டிருந்த பூண்டு அறைக்குள் தள்ளித் தாழ்ப்பாள் போட்டான்.

அவள் கத்தவில்லை. கீழ் இடுக்கில் மூக்கை வைத்துப் படுத்திருந்தாள். வெளியே இருந்து அவன் அவளையும் அவள் அம்மாவையும் சொல்லக் கூடாத பேர் எல்லாம் சொல்லித் திட்டினான். ஏன் கத்தவில்லை என்று கேட்டான். பதில் வராத ஆத்திரத்தில் விறகுக்கட்டையை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்து உள்ளே வந்தான்.

உள்ளே வந்தவனுக்குக் கண் தெரியவில்லை. புகை மூஞ்சியில் அடித்தது, இருமினான். கட்டையை வீசியதில் மேலே தொங்கிய பூண்டு முடிச்சுகள் அறுந்து அவன் தலையிலேயே விழுந்தன. அவள் சுவரை ஒட்டித் தவழ்ந்தாள். ஒரு வீச்சு அவள் தோளில் பட்டது. இன்னொன்று கல்லில் பட்டது. அவன் காலுக்குப் பக்கத்திலேயே நகர்ந்து வெளியே வந்து, கதவை இழுத்து, தாழ்ப்பாளைப் போட்டாள்.

போட்டபோது யோசனை ஒன்றும் இல்லை. தப்பித்து வந்தவள் கதவைச் சாத்தினாள், அவ்வளவுதான். யோசனை அதற்குப் பிறகுதான் வந்தது. அவன் கதவை உலுக்கினான். தலையைச் சீவிவிடுவேன் என்றான். அவள் சேற்றில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். திறந்தால் அவன் கொன்றுவிடுவான் என்று தெரியும். திறக்காவிட்டால் என்ன ஆகும் என்பதும் தெரியும். டாக்டர் சொன்னது காதில் கேட்டது. ஒன்று அவர் சம்மதிக்க வேண்டும், இல்லை அவர் உயிரோடு இல்லாமல் இருக்க வேண்டும்.

சுவரின் அடியில் இருந்த துவாரத்தை அவன் கண்டுபிடித்துவிட்டான். தணலை ஒதுக்கிவிட்டு அதற்குள் முகத்தை வைத்து மூச்சு இழுக்கிற சத்தம் வந்தது. முருகேசு, திற, சாமி மேல சத்தியமா இனிமே தொட மாட்டேன் என்றான். கல்யாணமான நாளிலிருந்து அவன் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது அப்போதுதான். அவள் எழுந்து போய், அடுக்கி வைத்திருந்த ஈர விறகை எடுத்தாள். துவாரத்துக்குள் இருந்த முகத்தின் மேல் முதல் கட்டையை முழு பலத்தோடு இடித்தாள். எலும்பு நொறுங்கியது. மறுபடி இடித்தாள். முகம் விலகியதும் கட்டைகளை ஒவ்வொன்றாகத் தள்ளி அடைத்தாள். உள்ளே இருந்த தணல் அவள் உள்ளங்கையைச் சுட்டது. அடைத்து முடித்து, மிச்ச ஓட்டையில் சேற்றையும் அப்பினாள். கதவை நகத்தால் பிறாண்டுகிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. மழை பெய்துகொண்டே இருந்தது.

சின்னத்தாயி வந்தபோது மருமகள் சேற்றில் உட்கார்ந்திருந்தாள், தாழ்ப்பாள் போட்டிருந்தது. கேட்க ஒன்றும் இல்லை. திறந்து, மகனை வெளியே இழுத்துப் போட்டாள். முகம் கறுத்து மூக்கு உடைந்து கிடந்தது. அவள் அழவில்லை, அதே விறகுக்கட்டையை எடுத்து முருகேஸ்வரியை அடித்தாள். முதுகில், தொடையில், தலையில். கட்டை வயிற்றுப் பக்கம் வந்தபோது கை அந்தரத்தில் நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் அந்த வயிற்றையே பார்த்தாள். கட்டையைப் போட்டாள்.

பிறகு அவள் செய்ததைப் பார்த்து முருகேஸ்வரிக்கே பயம் வந்தது. துவாரத்தில் இருந்த கட்டைகளை உருவினாள், சேற்றைக் கழுவினாள். கதவை உள்சுவரோடு சேர அகலத் திறந்து, பிறாண்டிய பக்கம் தெரியாதபடி அதன் மேல் பூண்டு மூட்டைகளைச் சாய்த்தாள். அப்புறம்தான் ஊர் கேட்க ஓலமிட்டாள். போதையில் குளிருக்குப் போய்ப் படுத்தான், தடுமாறிக் கல்லில் முகம் அடித்து விழுந்தான், ஈரத்தில் கதவு இறுகிவிட்டது, துவாரத்துத் தணலை இழுத்துப் போடப் போய் மருமகள் கையைச் சுட்டுக்கொண்டாள் என்று அவளே போலீஸுக்குச் சொன்னாள். பெற்ற தாய் சொல்கிறாள். உடலை அறுத்துப் பார்த்ததிலும் புகைதான் காரணம் என்று வந்தது. கேஸ் முடிந்தது.

காரியம் முடிந்த அன்று சின்னத்தாயி அவளை அடுப்படியில் உட்கார வைத்துச் சோறு போட்டாள். பிசைந்து, உருட்டி, ஒடிந்த விரல் ஆறாத கையில் வைத்தாள்.

"அந்தக் கதவைக் கழத்திப் பரண்ல போட்டிருக்கேன். அவன் நகம் ரெண்டு அதுல குத்தி நிக்குது. நீ போய் என் மகன் கருவை வாங்கிச் சொமந்து பெத்துக் குடு. பிள்ளை பால் மறக்கட்டும். அன்னைக்கு அந்தக் கதவைத் தூக்கிட்டு நான் ஸ்டேஷனுக்குப் போவேன். டாக்டரு மாட்டேன்னு சொன்னா மறுநாளே போவேன்."

முருகேஸ்வரி சோற்றை முழுங்கினாள். வேறென்ன செய்ய.

நெற்றியில் தழும்போடு இருந்த டாக்டர் ஜெயப்பிரியா அவளைப் பார்த்ததும் எழுந்து வந்து தோளைத் தொட்டார். சின்னத்தாயி பழையபடி தொட்டி அறை வாசலில் போய் உட்கார்ந்துகொண்டாள். உள்ளே தனியாக இருக்கும்போது டாக்டர் மெதுவாகவே பேசினார். சட்டப்படி இனித் தடையில்லை, ஆனால் துக்கத்தில் எடுக்கிற முடிவு வேண்டாம், ஒரு வருஷம் போகட்டும், மனசு ஆறட்டும், கரு எங்கும் போகாது, அதுவரைக்கும் நான் வைக்க மாட்டேன் என்றார். மறுபடியும் நல்லதுக்குத்தான் சொன்னார்.

முருகேஸ்வரி எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து உள்ளங்கைகளை மேசைமேல் விரித்து வைத்தாள். வடுவைப் பார்த்துவிட்டு டாக்டர் நிமிர்ந்தார். துவாரத்தையும் கட்டையையும் பரணில் கிடக்கிற கதவையும் மாமியார் வைத்த கெடுவையும் அவள் ஒளிக்காமல் சொன்னாள். அவர் தந்த சட்டத்தை அவருக்கே திருப்பிச் சொன்னபோது ஜெயப்பிரியா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். நான் அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை என்றார். எனக்குத் தெரியும் டாக்டரம்மா என்றாள் முருகேஸ்வரி.

போலீஸுக்குச் சொல்ல வேண்டுமா, சொன்னால் என்ன, சொல்லாவிட்டால் என்ன என்றெல்லாம் டாக்டர் முகத்தில் ஓடியது. வைத்தால் ஒரு கொலைகாரியின் வயிற்றில் வைக்க வேண்டும். வைக்காவிட்டால் நாளைக்கே அவள் ஜெயிலில் இருப்பாள், கரு தொட்டியிலேயே இருக்கும். கடைசியில் ஒரு கேள்விதான் வந்தது.

"பால் மறந்தப்புறம் அந்தப் பிள்ளையை யார் வளர்ப்பா?"

"எங்க அத்தைதான். அவரையும் அதுதான வளத்துச்சு."

டாக்டர் தழும்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். முடியாது என்று சொல்ல வாயெடுத்தார். அது முருகேஸ்வரிக்குத் தெரிந்துவிட்டது.

"ஒரு தடவ எனக்கும் சேத்து நீங்களே முடிவு பண்ணிட்டீங்க. அதுல என்ன ஆச்சுன்னு பாத்தாச்சு. இந்தத் தடவ நான் பண்ணிக்கிறேன். வச்சு விடுங்க."

ஜெயப்பிரியா மாத்திரைச் சீட்டை இழுத்து எழுதினார். கருப்பை தயாராவதற்கான மாத்திரைகள். முடித்துவிட்டு வாருங்கள் என்றார்.

மாத்திரை முடிந்து வந்த அன்று, தொட்டி அறையிலிருந்து கருவை எடுத்து வருகிற பெண்ணுக்குச் சின்னத்தாயி எழுந்து கையெடுத்துக் கும்பிட்டு வழிவிட்டாள். உள்ளே முருகேஸ்வரி படுத்திருந்தாள். சுபஸ்ரீ அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அசையாதீர்கள் என்றார் டாக்டர். அவள் அசையவில்லை. எல்லாம் முடிந்து கையுறையைக் கழற்றிய டாக்டர் அவள் முகத்தைப் பார்க்காமலேயே, எவ்வளவு நாள் பால் கொடுப்பீர்கள் என்று கேட்டார்.

முருகேஸ்வரி வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"எங்க ஊர்ல நாலு வயசு வரைக்கும் குடுத்தவங்க இருக்காங்க டாக்டரம்மா. நான் அஞ்சு வரைக்கும் குடுப்பேன்."